வீட்டு மரத்துக்கு உரம்: டெல்டா மண்ணில் எப்போது, எங்கே, எவ்வளவு

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வட்டாரத்தில் புது மனையில் வீடு கட்டிக் குடியேறியதும் வாசலில் ஒரு மகிழம், கொல்லையில் ஒரு புங்கன், மதிலோரம் நாலைந்து நெட்டிலிங்கம் என்று வைத்துவிடுவது வழக்கம். இரண்டு மூன்று வருடத்தில் ஏதாவது ஒன்று சோர்ந்து நிற்கும். இலை வெளுக்கும், கொழுந்து நீளாது. உடனே உரக்கடையில் ஒரு கிலோ யூரியா வாங்கிவந்து அடிமரத்தைச் சுற்றிக் கொட்டி, மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். அந்த ஒரு கிலோ, இளம் மரத்துக்கு ஒரு வருடத்துக்கு வேண்டியதைப் போல ஐந்தாறு மடங்கு. அது விழுந்த இடத்திலோ சத்தை உறிஞ்சும் வேர் அதிகம் கிடையாது.

இங்கே சொல்லப்போவது நிழலுக்கும் பூவுக்கும் பார்வைக்கும் வைக்கிற மரங்களைப் பற்றி மட்டும். தென்னை, மா, எலுமிச்சைக்குக் கணக்கு வேறு. அவற்றிலிருந்து காய் எடுக்கிறோம், எடுத்ததற்கு ஈடு கொடுக்கிறோம். வாசல் மரத்திலிருந்து எதையும் அறுவடை செய்வதில்லை, அதனால் அதன் தேவையும் குறைவு. பத்துப் பன்னிரண்டு வயது தாண்டி, குடை விரித்து, இலை நல்ல பச்சையாக நிற்கிற மரத்துக்கு எதுவும் போட வேண்டாம். உரம் கேட்பவை பெரும்பாலும் நட்டு ஆறு மாதத்திலிருந்து ஆறேழு வயது வரையுள்ள கன்றுகளும் இளமரங்களும்தான். அவற்றிலும் பாதிக்கு உரம் மருந்தாகாது. குறை மண்ணில் இருக்கும்.

முதலில் தோண்டிப் பாருங்கள்

டெல்டாவில் மனைகள் பலவும் சில வருடம் முன்புவரை நெல் வயலாக இருந்தவை. போகத்துக்குப் போகம் சேற்றுழவு ஓட்டியதில் அரை அடியிலிருந்து முக்கால் அடி ஆழத்தில் ஒரு கெட்டித் தட்டு உருவாகியிருக்கும். அது தண்ணீரை நிறுத்தி வைப்பதால் நெல்லுக்கு நல்லது. மரத்துக்கோ வேர் இறங்கவும் முடியாது, மழைத் தண்ணீர் வடியவும் முடியாது. மனையை உயர்த்த அதன் மேல் இரண்டு அடி சவுடோ கிராவலோ அடித்து, ஜேசிபி விட்டு இறுக்கியிருப்பார்கள். பிறகு கட்டட வேலை. கலவை போட்ட இடம், சுண்ணாம்பு குழைத்த இடம், செங்கல் துண்டும் ஜல்லியும் புதைந்த இடம் எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே கிடக்கும். இப்படி மூன்று அடுக்காகக் கிடக்கிற மண்ணில் வெளுத்த இலையைப் பார்த்துவிட்டு யூரியா போட்டால் ஒன்றும் மாறாது.

மரத்தின் குடை விளிம்புக்குக் கீழே ஓர் அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். எடுக்கும்போதே கவனியுங்கள்: மண் எத்தனை நிறமாக மாறுகிறது, கடப்பாரை எந்த ஆழத்தில் முட்டுகிறது, அழுகல் நாற்றம் வருகிறதா, மயிர் போன்ற மெல்லிய வேர்கள் எந்த ஆழம் வரை தெரிகின்றன. பிறகு குழி நிறையத் தண்ணீர் விட்டு வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் சரி. காலையில் ஊற்றியது மறுநாள் காலையிலும் நின்றால், குறை வடிகாலில் இருக்கிறது. சாம்பல் நிறத்தில் நீலம் பாய்ந்த களிமண், கெட்ட முட்டை வாடை இவையும் காற்றில்லாத மண்ணின் அடையாளங்கள். அங்கே வேர் மூச்சுத் திணறுகிறது. சத்து பக்கத்திலேயே இருந்தாலும் அதனால் உறிஞ்ச முடியாது.

அடுத்து அடிமரம். மண்ணோடு சேரும் இடத்தில் அது சற்று அகன்று வேராகப் பிரிவது தெரிய வேண்டும். நட்ட கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்கினால், ஆழமாக நட்டுவிட்டார்கள் அல்லது பிறகு மண் அணைத்துவிட்டார்கள் என்று பொருள். கையால் மெதுவாகக் கிளறி, வேர்க்கழுத்து தெரியும்வரை மண்ணை விலக்குங்கள். நாற்றுப் பையில் வெகுநாள் கிடந்த கன்று என்றால் வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டு அடிமரத்தையே இறுக்கியிருக்கும். மெல்லிய வேரானால் கூரான கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரத்தில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. மற்ற ஊர்களிலும் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாயை அப்படியே மரத்தடிக்கு இழுத்துவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் வருகிறது. கோடையில் இலை ஓரம் கருகுவதற்கு அது ஒன்றே போதும். உப்பேறிய மண்ணில் உரம் போடுவது மேலும் உப்பைச் சேர்ப்பதுதான், ஏனென்றால் ரசாயன உரங்களும் உப்புகளே.

இலை சொல்வது

மண்ணில் கோளாறு இல்லை என்றால் இலைக்கு வாருங்கள். எந்த இலை மாறியிருக்கிறது என்பது எப்படி மாறியிருக்கிறது என்பதைவிட முக்கியம். கிளையின் அடிப்பக்கத்து முதிர்ந்த இலைகள் முழுசாக, ஒரே சீராக வெளிர்மஞ்சளாகிறது, புது இலை சிறுத்து வருகிறது என்றால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. யூரியாவோ புண்ணாக்கோ இதற்குத்தான் பயன்படும்.

நுனிக் கொழுந்து மஞ்சள், அதன் நரம்பு மட்டும் பச்சை, அடி இலைகளுக்கு ஒன்றுமில்லை என்றால் இரும்புச்சத்துக் குறை. டெல்டா வீடுகளில் செண்பகத்திலும் இட்லிப்பூவிலும் இதை அடிக்கடி காணலாம். மண்ணில் இரும்பு இல்லாமல் இப்படி ஆவது அபூர்வம். சுண்ணாம்போ சிமெண்டோ கலந்து காரத்தன்மை கூடியதாலோ, தண்ணீர் நின்று வேர் கெட்டதாலோ, பல வருடம் கொட்டிய டி.ஏ.பி. உரத்தின் மணிச்சத்தாலோ (பாஸ்பரஸ்) இரும்பு மரத்துக்குக் கிடைக்காமல் போய்விடுகிறது. கொழுந்து இலை சிறுத்து, நுனியில் கொத்தாக நெருங்கி வந்தால் துத்தநாகக் குறையைச் சந்தேகிக்கலாம். நெல் வயலாக இருந்த மண்ணில் இது புதிதல்ல. நடவுக்கு முன் சிங்க் சல்பேட் போடுவது இப்பகுதி விவசாயிகளுக்குத் தெரிந்ததே. முதிர்ந்த இலையின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல்சத்துக் (பொட்டாசியம்) குறையாக இருக்கலாம், உப்பாகவும் இருக்கலாம். பரிசோதனை செய்யாமல் இரண்டையும் பிரிக்க முடியாது.

வளர்ச்சியை அளக்க ஓர் எளிய வழி உண்டு. பொங்கல் முடிந்ததும் மரத்தைச் சுற்றி நாலைந்து கிளைகளின் நுனிக்கு ஓரிரு அங்குலம் கீழே வண்ண நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். அடுத்த பொங்கலுக்கு நூலிலிருந்து நுனி வரை அளந்து பாருங்கள். இளமரம் ஓர் அடியாவது நீண்டிருக்க வேண்டும். பெரிய மரத்துக்கு அரை அடி போதும். அவ்வளவு நீண்டிருந்தால் அந்த வருடம் உரத்தை மறந்துவிடலாம்.

மண் பரிசோதனைக்கு அதிகச் செலவில்லை. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் விசாரிக்கலாம். மேல்குப்பையை ஒதுக்கிவிட்டு, குடைக்குக் கீழே ஆறேழு இடங்களில் ஓர் அடி ஆழம் வரை சீராகச் சுரண்டி எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி அரை கிலோவைத் துணிப்பையில் கட்டிக் கொடுங்கள். நெல்லுக்கு எடுப்பதுபோல அரை அடியோடு நிறுத்தாதீர்கள். முடிவு வந்ததும் முதலில் இரண்டு எண்களைப் பாருங்கள். கார அமில நிலை 8-ஐத் தாண்டினால் இரும்பும் துத்தநாகமும் மரத்துக்குக் கிடைப்பது கடினம். மின்கடத்துத்திறன் 1-க்கு மேல் இருந்தால் உப்பு பிடித்திருக்கிறது. உரத்துக்கு முன் நல்ல தண்ணீருக்கும் வடிகாலுக்கும் வழி பாருங்கள். மணிச்சத்து ‘அதிகம்’ என்று எழுதியிருந்தால் டி.ஏ.பி.யும் சூப்பர் பாஸ்பேட்டும் அந்த வீட்டுக்குள் வரவே வேண்டாம்.

எதை வாங்குவது

அழகு மரங்களுக்கு முதலில் தேவைப்படுவது தழைச்சத்துதான். மற்றவை பெரும்பாலும் மண்ணிலேயே இருக்கும். கடையில் கிடைப்பவற்றில் யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். 2015 முதல் நம் நாட்டில் வரும் யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியது. சத்து சற்று மெதுவாக வெளிவரும். டி.ஏ.பி.யில் தழை 18, மணி 46. காம்ப்ளக்ஸ் 17:17:17-இல் தழை, மணி, சாம்பல் மூன்றும் சமம். அம்மோனியம் சல்பேட்டில் தழை ஏறத்தாழ 20.5, கூடவே கந்தகமும் உண்டு. காரம் கூடிய மண்ணில் யூரியாவைவிட இது பொருத்தம், ஏனென்றால் வேரைச் சுற்றி மண்ணைச் சற்று அமிலப்படுத்தும். சிவப்புப் பொட்டாஷில் சாம்பல்சத்து 60, ஆனால் குளோரைடும் கூடவே வருகிறது. கரையோர உப்பு மண்ணில் அதைத் தவிர்த்து சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள்.

இயற்கை உரங்களில் வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து 5 சதவீதம் அளவுக்கு இருக்கும். மண்புழு உரத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரை, நன்கு மக்கிய தொழுவுரத்தில் அரை சதவீதம். இந்த எண்கள் சிறியவை என்று ஏமாறாதீர்கள். சவுடு மண்ணில் இல்லாதது சத்து மட்டுமல்ல, மண்ணுக்கு உயிர் கொடுக்கிற மக்கும் பொருளே இல்லை. புது மனையில் முதல் மூன்று வருடம் தொழுவுரமும் மூடாக்கும் (மண்ணை மூடப் பரப்பும் சருகு, வைக்கோல்) மட்டும் கொடுத்து, ரசாயன உரத்தைத் தொடாமலே மரம் வளர்க்க முடியும். தொடங்குகிறவர்களுக்கு அதுவே பாதுகாப்பான வழியும்கூட. அளவு கொஞ்சம் தவறினாலும் வேர் கருகாது.

எருவில் ஒரு நிபந்தனை உண்டு. அது மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணி சூடு கிளப்பும், கறையானை இழுக்கும், காண்டாமிருக வண்டின் புழுக்களுக்குக் கூடாகும். கொல்லையில் தென்னை இருக்கிற வீட்டில் இது கூடுதல் வம்பு. கையில் அள்ளினால் கரியமண் போல உதிர வேண்டும், சாணி வாடை வரக்கூடாது.

நெல் அரவை மில்லிலிருந்து வரும் உமிச்சாம்பலை மரத்தடியில் கொட்டுவதும் இங்கே வழக்கம். சாம்பல் காரம். ஏற்கெனவே காரமான மண்ணில் அது இரும்புக் குறையைக் கூட்டும்.

எவ்வளவு: ஒரு கணக்கு

மரத்தின் வயதை வைத்து ‘இத்தனை கைப்பிடி’ என்று சொல்வதில் பயனில்லை. வேர் பரந்திருக்கும் மண்ணின் பரப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். வருடத்துக்கு 100 சதுர அடிக்கு 45 கிராம் தழைச்சத்து என்பது பாதுகாப்பான தொடக்கம். மணற்பாங்கான மண்ணில் நன்றாக வளர வேண்டிய இளமரத்துக்கு அதை 90 கிராம் வரை கூட்டலாம். களிமண்ணில் அந்த உயர்ந்த அளவு தேவைப்படாது.

45 கிராம் தழைச்சத்துக்கு எது எவ்வளவு வேண்டும்? யூரியாவானால் 100 கிராம். அம்மோனியம் சல்பேட் 220 கிராம். 17:17:17 காம்ப்ளக்ஸ் 265 கிராம். வேப்பம் புண்ணாக்கு 900 கிராம், அதை ஒரு கிலோவாகவே வைத்துக்கொள்ளலாம். மண்புழு உரம் நான்கு கிலோ. தொழுவுரம் ஒன்பது, பத்துக் கிலோ. இவற்றில் ஏதாவது ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்துப் போடுவது தவறு.

ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து வயது மகிழம், அடிமரத்திலிருந்து குடை விளிம்பு வரை ஐந்து அடி. வேர் குடையைத் தாண்டியும் ஓடும். அதனால் ஒன்றரை மடங்காக, ஏழரை அடி ஆரம் எடுங்கள். ஏழரையை ஏழரையால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 176 சதுர அடி. ஒரு பக்கம் கால் பங்கு வீட்டுத் தளத்துக்குள்ளோ சிமெண்டு தரைக்குள்ளோ போகிறது என்றால் 44-ஐக் கழியுங்கள். மீதி 132 சதுர அடி. இதற்கு வருடத்துக்கு யூரியா 130 கிராம், அல்லது காம்ப்ளக்ஸ் 350 கிராம், அல்லது வேப்பம் புண்ணாக்கு 1.2 கிலோ. அதையும் இரண்டு தவணையாகப் பிரித்துப் போட வேண்டும். ஒரு தவணைக்கு யூரியா 65 கிராம்தான். பலருக்கும் இது நம்ப முடியாத அளவுக்குக் குறைவாகத் தெரியும்.

சிமெண்டு மூடிய பகுதியைக் கழிப்பதை விட்டுவிடாதீர்கள். நகரத்து மனையில் மரத்தைச் சுற்றி நான்குக்கு நான்கு அடி மண்தான் திறந்திருக்கும். முழு வேர்ப்பரப்புக்கும் உரிய உரத்தை அந்த 16 சதுர அடியில் கொட்டினால் வேர் வெந்துபோகும். அந்த 16 சதுர அடிக்கு உரியது யூரியாவில் வெறும் 16 கிராம். மரத்தைச் சுற்றிப் புல்தரை போட்டு அதற்கு உரம் கொடுத்து வருகிறீர்கள் என்றால் மரம் அதிலேயே பங்கு எடுத்துக்கொள்ளும். தனியாக வேண்டாம்.

அளக்க சமையலறைத் தராசு நல்லது. இல்லையென்றால் 100 மில்லி டம்ளர் தலைதட்டி எடுத்தால் யூரியா 75 கிராம், டி.ஏ.பி. 95 கிராம் என்று கொள்ளலாம். உரத்துக்கு எடுத்த டம்ளர் பிறகு அடுப்படிக்குத் திரும்பக்கூடாது.

புதிதாக நடும் கன்றுக்கு நடவுக் குழியில் ரசாயன உரம் கூடாது. டி.ஏ.பி. தூவி அதன்மேல் கன்றை வைத்தால் வெட்டுப்பட்ட வேர்நுனி உரத்தில் பட்டுக் கருகும். குழியைக் கன்றின் வேர்க்கட்டியைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக எடுங்கள்; ஆழம் வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. எடுத்த மண்ணையே திரும்ப நிரப்பி, எருவை மேற்பரப்பில் பரப்புங்கள். களிமண் குழிக்குள் ஆற்றுமணலும் எருவுமாக நிரப்பினால் சுற்றுக் களியிலிருந்து வரும் மழைத்தண்ணீர் அந்தக் குழிக்குள்தான் தேங்கும். ஆறு மாதம் கழித்துக் கன்று துளிர்த்து நின்ற பிறகு, இரண்டு அடி ஆர வட்டத்தில் காம்ப்ளக்ஸ் 30 கிராம் தூவலாம்.

எங்கே, எப்படி

சத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் ஒன்றரை அடி மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. குடைக்குக் கீழும் அதற்கு வெளியேயும் பரவியிருக்கின்றன. அடிமரத்தை ஒட்டி இருப்பவை மரத்தைத் தாங்கும் தடித்த வேர்கள். ஆகவே அடிமரத்திலிருந்து இரண்டு அடி தள்ளித் தொடங்கி வெளிநோக்கித் தூவுங்கள். சிறு கன்றானால் அரை அடி தள்ளினால் போதும்.

உரம் போடுவதற்கு முந்தின நாள் தண்ணீர் விட்டு மண்ணை ஈரமாக்குங்கள். வறண்ட மண்ணில் உரம் போட்டால் வேரிலிருந்தே ஈரம் வெளியே இழுக்கப்படும். மறுநாள் காலை மூடாக்கை ஒதுக்கிவிட்டு, மேல்மண்ணைக் களைக்கொத்தால் அரை அங்குலம் மட்டும் கீறிவிடுங்கள். மண்வெட்டியால் வட்டப் பாத்தி வெட்டுவது தென்னைக்குச் செய்து பழகிய கை செய்கிற வேலை. இங்கே அது உறிஞ்சும் வேரை அறுத்துவிடும். உரத்தை இரண்டு மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காக நடந்தும் மீதியைத் தெற்கு வடக்காக நடந்தும் தூவினால் சீராக விழும். ஈர இலையில் பட்டால் பொசுக்கும், உதறிவிடுங்கள். உடனே தண்ணீர் பாய்ச்சுங்கள்: 100 சதுர அடிக்கு 120 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் எட்டு. அப்போதுதான் மண்ணில் அரை அங்குலத் தண்ணீர் நின்றதற்குச் சமம். யூரியாவைத் தூவிவிட்டுத் தண்ணீர் விடாமல் வெயிலில் விட்டால் கணிசமான பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

கெட்டிப்பட்ட மண்ணுக்கும், புல் மூடிய இடத்துக்கும், மேட்டு மனையிலிருந்து தெருவுக்கு வாட்டம் ஓடும் இடத்துக்கும் துளை முறை நல்லது. கடப்பாரையால் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் அகலத்தில் முக்கால் அடி முதல் ஓர் அடி ஆழத்துக்குத் துளை. துளைக்குத் துளை இரண்டு அடி இடைவெளி, வட்டத்துக்குள் வட்டமாக. 100 சதுர அடிக்கு 25 துளை வரும். 265 கிராம் காம்ப்ளக்ஸை 25-ஆல் வகுத்தால் துளைக்கு 10 கிராம், ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி. அதை ஒரு கைப்பிடி மணலோடு கலந்து போட்டு, மேலே மக்கிய எருவை நிரப்பி மூடுங்கள். இந்த முறையில் உரத்தைவிடத் துளைதான் அதிக வேலை செய்கிறது. கெட்டிக் களிக்குள் காற்றும் தண்ணீரும் இறங்குகின்றன. யூரியாவை மட்டும் துளைக்குள் போடாதீர்கள், ஒரே இடத்தில் செறிந்து வேரைச் சுடும். மண் சேறாக இருக்கும்போது குத்தவும் கூடாது. துளையின் சுவர் வழவழவென்று பூசினாற்போல் மூடிக்கொள்ளும். கையில் உருட்டினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உடைகிற பதம்தான் சரி. குத்துவதற்கு முன் மோட்டார் ஒயர், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டிக் குழாய் எங்கே போகின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரும்புக் குறைக்கு இலைவழித் தெளிப்பு விரைவாகப் பலன் தரும். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் சிட்ரிக் அமிலம் 1 கிராம், பிறகு அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) 5 கிராம் கரைத்து, மாலை வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாக மூன்று தடவை. கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். வைத்திருந்து பழுப்பு நிறமாகிவிட்டால் கீழே கொட்ட வேண்டியதுதான். டைல்ஸ் தரையிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டால் துருக்கறை போகவே போகாது. இது கொழுந்தைப் பச்சையாக்கும். மண்ணின் காரத்தையோ தேங்கும் தண்ணீரையோ மாற்றாது. அடுத்து வரும் கொழுந்து மறுபடி வெளுத்தால் வேருக்குத்தான் திரும்ப வேண்டும்.

எந்த மாதம்

வடகிழக்குப் பருவமழையை வைத்துத்தான் இங்கே எதையும் முடிவு செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் உரம் போடாதீர்கள். களிமண்ணில் தண்ணீர் நிற்கும்போது தழைச்சத்து வாயுவாக மாறிக் காற்றோடு போய்விடும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கத்து மணல் கலந்த செம்மண்ணில் மழையோடு கரைந்து வேருக்குக் கீழே இறங்கிவிடும். இன்னொரு காரணம் புயல். புரட்டாசியில் உரம் போட்டு, பொசுபொசுவென்று இளங்கிளையும் பாரமான இலையுமாக நிற்கிற மரம்தான் கார்த்திகைக் காற்றில் முதலில் முறியும்.

முதல் தவணைக்குத் தை மாதம் ஏற்றது. மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் நிற்க, வெயில் இன்னும் ஏறாத காலம். இரண்டாவது, ஆடியில் ஒன்றிரண்டு மழை பெய்ததும். களிமண் வீடுகளுக்கு இந்த இரண்டே போதும். மணல் மண்ணில் அதே வருட அளவை மூன்றாகப் பிரித்து, மாசி கடைசியில் ஒரு சிறு தவணை கொடுக்கலாம். சித்திரை, வைகாசியில், அதிலும் கத்திரி வெயிலில், கை வைக்காதீர்கள். அந்த நாட்களில் மரம் கேட்பது தண்ணீரும் மூடாக்கும் மட்டுமே.

மரத்துக்கு மரம்

காய் நெற்றாகக் காய்க்கிற மரமெல்லாம் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். புங்கன், வாகை, தூங்குமூஞ்சி, கல்யாண முருங்கை ஆகியவற்றின் வேரில் அதற்கான முடிச்சுகள் உண்டு. நன்றாக நின்றுவிட்ட பிறகு இவற்றுக்கு யூரியா வீண். சரக்கொன்றையும் மந்தாரையும் அதே குடும்பம்தான், ஆனால் இவற்றின் வேரில் முடிச்சு கிடையாது. இளமையில் இவற்றுக்கு உரம் வேண்டும்.

சரக்கொன்றை பூப்பது கோடையில். பூவுக்கு முன்னால் தழைச்சத்து கொடுத்தால் இலைதான் வரும். பூ உதிர்ந்த பிறகு ஆனி, ஆடியில் ஒரே தவணையாகக் கொடுத்துவிடுங்கள். ஈழத்தலரிக்கு உரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதிகம் கொடுத்தால் கிளை நீண்டு மெலிந்து, மழைக்காலத்தில் அழுகும். செண்பகம் நீர் நிற்கும் களியையும் காரத்தையும் தாங்காது. டெல்டாவில் அதை ஒன்றரை அடி மேடு கட்டித்தான் நட வேண்டும். ஏற்கெனவே பள்ளத்தில் நட்டுவிட்டால் எந்த உரமும் அதைக் கரையேற்றாது. பூமருது ஓரளவு ஈரத்தைப் பொறுக்கும். கரையோரத்தில் புன்னையும் பூவரசும் உப்புக்காற்றைத் தாங்கி நிற்கும், எருவும் மூடாக்கும் இருந்தால் போதும்.

அழகுப் பனைகளின் கதை தனி. பழைய மட்டைகளில் ஆரஞ்சு மஞ்சள் புள்ளிகள் விழுந்து நுனி கருகினால் சாம்பல்சத்துக் குறை. அதற்கு யூரியா கொடுத்தால் புது மட்டை வேகமாக வர, இருக்கிற கொஞ்சம் சாம்பல்சத்தும் பழைய மட்டையிலிருந்து உருவப்பட்டு நிலைமை மோசமாகும். 100 சதுர அடிக்குப் பொட்டாஷ் 100 கிராம், மெக்னீசியம் சல்பேட் 100 கிராம், தையிலும் ஆடியிலும். புள்ளி விழுந்த மட்டையை முழுசாகக் காயும்வரை வெட்டாதீர்கள். மரம் இன்னும் அதிலிருந்துதான் சத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது.

சருகை எரிக்காதீர்கள்

காலையில் வாசலையும் கொல்லையையும் சுத்தமாகப் பெருக்கி, சருகைக் கூட்டி ஓரமாக நெருப்பு வைப்பது நம் வீடுகளில் ஒரு நாள் தவறாத வேலை. மண்ணிலிருந்து மரம் எடுத்த சத்தில் பெரும்பங்கு அந்தச் சருகில்தான் திரும்பி வருகிறது. தழைச்சத்து புகையாய்ப் போய்விட, மீதி சாம்பல் ஒரே மூலையில் குவிகிறது. பிறகு கடைக்குப் போய் யூரியா வாங்குகிறோம். முன்வாசலைப் பெருக்கிக்கொள்ளுங்கள், கோலம் போட இடம் வேண்டும். கூட்டிய சருகை மட்டும் மரத்தடியில் மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பி, அடிமரத்தைச் சுற்றி அரை அடி வெறுமையாக விடுங்கள். அடிமரத்தை ஒட்டிக் குவித்தால் பட்டை ஊறி அழுகும், கறையானும் ஏறும். வைக்கோல், கரும்புத் தோகை, நிலக்கடலைத் தோலும் உதவும். மக்காத தென்னை நார்த்தூளையும் பச்சை உமியையும் மண்ணுக்குள் கலந்துவிடாதீர்கள். அவை மக்குவதற்கே மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், மரம் இன்னும் வெளுக்கும்.

தவறிப் போனால்

உரம் போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் இலை ஓரம் பழுப்பாகி, ஈரம் இருந்தும் இலை துவண்டால் அளவு மீறிவிட்டது. மேலே கரையாமல் கிடப்பதைச் சுரண்டி அள்ளிவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்க வேண்டும். ஆறு அங்குலத் தண்ணீராவது வேண்டும், அதாவது 100 சதுர அடிக்கு 1,400 லிட்டர் அளவுக்கு. இரண்டு மூன்று நாளாகப் பிரித்து விடுங்கள். மணல் மண்ணில் இது எளிதில் பலிக்கும். களிமண்ணில் வடிகால் இல்லாமல் விட்டால் வேர் அழுகும். அங்கே ஒரு பக்கமாகச் சிறு வாய்க்கால் கீறித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு மறுபடி பாய்ச்ச வேண்டும். கருகிய கிளையை உடனே வெட்டாதீர்கள், பாதி மறுபடி துளிர்க்கலாம்.

இலை கரும்பச்சை, கிளை நீளநீளமாக, பூ இல்லை, கொழுந்தில் மாவுப்பூச்சியும் அசுவினியும் என்றால் தழைச்சத்து கூடிவிட்டது. மருந்து அடிப்பதற்கு முன் உரத்தை ஒரு வருடம் நிறுத்துங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது போல, மரம் சாய்ந்தோ வேர் அறுந்தோ நின்றால், நிமிர்த்திக் கட்டியதும் உரம் கொடுக்கத் தோன்றும். வேரை இழந்த மரத்துக்குத் தழைச்சத்து கொடுத்தால் தாங்க முடியாத அளவுக்கு இலை விட்டு, கோடையில் வாடும். ஒரு வருடம் போகட்டும். மூடாக்கும், வாரம் ஒரு முறை ஆழமான தண்ணீரும் கொடுத்து, புது நுனிகள் சீராக நீளத் தொடங்கிய பிறகு பாதி அளவில் தொடங்குங்கள். மதில் கட்டவோ குழாய் பதிக்கவோ பள்ளம் எடுத்ததில் வேர் அறுபட்ட மரத்துக்கும் இதே கணக்கு.

மீந்த உரத்தை நன்றாகக் கட்டி, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். யூரியா ஈரம் குடித்துக் கட்டியாகிவிடும். யூரியாவோடு சாம்பலையோ சுண்ணாம்பையோ கலக்காதீர்கள், சத்து வாயுவாகப் போய்விடும். மாடு, ஆடு உள்ள வீடுகளில் இன்னும் கவனம் தேவை. யூரியா கரைத்த வாளித் தண்ணீரை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து. வேலை முடிந்ததும் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள், உரம் போட்ட மரத்தடியில் அன்றைக்கு மாட்டைக் கட்டவும் வேண்டாம்.